உரல்மேட்டுக்குக் கொடுத்த வாக்கு

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த முதல் கோபமே அவருடைய கூண்டினால்தான். விடிந்தும் விடியாமலும் நான் கடையின் ஷட்டரைத் தூக்கி, அடுப்பு மூட்டி, அரிசி நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பேன். அந்த மனுஷரோ நீலத் துணி போர்த்திய மூங்கில் கூண்டைக் கையில் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி தெருவில் நடந்து போவார். ஆட்டினால்தான் பறவைக்குக் காலில் பலம் வருமாம்.

"என் காலுக்குப் பலம் வேணாமா? வந்து இந்தப் பானையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று கத்துவேன்.

"நீ பாடுவேன்னு சொல்லு, உன்னையும் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்பார்.

கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நினைத்தால், அந்தக் கோபம் திரும்பக் கிடைக்குமென்றால் கடையையே எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

அவர் பெயர் ஆ-கிம். கூண்டில் இருந்தது ஹுவாமெய். அந்தப் பேருக்கு 'தீட்டிய புருவம்' என்று அர்த்தம். பேர்தான் அப்படி. எங்கள் தைவான் மலையில் இருக்கிற நாட்டு ஹுவாமெய்க்குப் புருவம் என்று ஒன்று கிடையவே கிடையாது. தவிட்டு நிறம், உடம்பெல்லாம் மங்கலாகக் கீறல் கீறலாக இருக்கும். வழியில் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் வாயைத் திறந்ததோ, போச்சு. மூச்சு விடாமல் ஊர்க்கதை பேசுகிற பெண்பிள்ளை மாதிரி, ஒன்றைச் சொல்லி, அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லி, நடுவில் பூனையைப்போலக் கத்திக் காட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மியாவ்லி மலையடிவாரத்தில் எங்களுடைய ஹக்கா ஜனங்களின் ஊர்களில் அப்போது வீட்டுக்கு ஒரு கூண்டு இருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய கற்பூர மரம். காலையில் ஆம்பிளைகள் எல்லாரும் கூண்டுகளை அதில் மாட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, எது நன்றாகப் பாடுகிறது என்று அடிதடி வரைக்கும் போவார்கள். பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்கத் தெரியாது. பறவைக்கு மட்டும் முட்டை மஞ்சள்கருவைத் தினையில் பிசைந்து, வெட்டுக்கிளியைக் கால் ஒடித்து ஊட்டுவார்கள்.

ஆ-கிம் பறவையை விலைக்கு வாங்குகிற ஆள் இல்லை. தானே போய்ப் பிடித்து வருவார். ஊருக்குப் பின்னால் உரல்மேடு என்று ஒரு மலை முதுகு இருக்கிறது. உச்சியில் உரல் மாதிரி குழி விழுந்த பாறை ஒன்று உண்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். கடைக்கு லீவு விட்டு நான் செய்த முதல் காரியமும் அதுதான், கடைசிக் காரியமும் அதுதான்.

பாறை மேல் தன் கூண்டை வைத்தார். பக்கத்தில் கதவு திறந்த பொறிக்கூண்டு ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் பெரணிச் செடிகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தோம். கூண்டுப் பறவை பாட ஆரம்பித்தது. தன் இடத்தில் எவனோ வந்து பாடுகிறான் என்றால் காட்டில் இருக்கிற ஆண்பறவைக்குப் பொறுக்காது. சண்டைக்கு வரும். வந்தால் பொறிதான். அதனுடைய ரோஷமே அதற்கு எமன்.

அன்றைக்கு மூடுபனி. இந்த மூங்கில் புதரிலிருந்து ஒரு குரல், அந்தச் சரிவிலிருந்து ஒன்று, கீழே ஓடைப் பக்கத்திலிருந்து ஒன்று. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மலையே பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. "ஐயோ, எத்தனைங்க!" என்று நான் வாய் திறக்க, அவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். கையில் தினை வாசனை. பொத்தின கையை எடுக்கவும் மறந்துவிட்டார். எனக்கும் ஞாபகப்படுத்தத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிடிபட்ட பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது கம்பியில் முட்டிக்கொண்டே இருக்கும். நெற்றியில் ரத்தம் கட்டிவிடும். சிலது பழகும். சிலது பழகாது. பழகாததை அவர் விடியுமுன் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்காருவார். என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இஞ்சி நடத் தோண்டுகிறவள் நான், எனக்கா தெரியாது?

அப்புறம் எதிர்க்கரைக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் சீனாவுக்கு, போய்வரலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. தாத்தா சமாதியைப் பார்க்கிறேன், சொந்தக்காரனைப் பார்க்கிறேன் என்று போனவர்கள், வந்தவர்கள், இடையில் வியாபாரிகள், எப்படி எப்படியோ சீனத்து ஹுவாமெய் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. அதுதான் பேருக்கேற்ற பறவை. கண்ணைச் சுற்றி வெள்ளையாக மை தீட்டி, பின்னால் ஒரு இழுப்பு இழுத்துவிட்ட மாதிரி புருவம். குரலும் பெரிசு. கற்பூர மரத்தடியில் நாட்டுப் பறவைகளுக்கு மவுசு போய்விட்டது. ஆ-கிம்மும் மாறினார், விலை கொடுத்துச் சீனத்துப் பறவை வாங்க ஆரம்பித்தார். புது மருமகள் வந்ததும் பழைய பாத்திரத்தைப் பரணில் போடுகிற கதைதான்.

போட்டியில் தோற்ற பறவையை, வயசானதை, பாடாத பெட்டையை எல்லாம் என்ன செய்வது? கொல்ல மனம் வராது. மலைக்குக் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்துவிடுவார்கள். உயிரை விடுவித்தால் புண்ணியம். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அதே வைத்தியம்: இரண்டு பறவை வாங்கி விடு. நானே என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது விட்டிருக்கிறேன். அது பறந்து போகும்போது மனசுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா!

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆ-கிம்முக்கு நுரையீரல் கெட்டுப்போனபோது ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நான் ஒருத்திதான். மூச்சு எட்டாத நாளிலும் முதல் கேள்வி, "பறவைக்குத் தண்ணி மாத்துனியா?" என்பதுதான். ஒருநாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"லியென்மோய், உரல்மேட்டுலேருந்து நான் எத்தனையோ எடுத்துட்டேன். ஒண்ணுகூடத் திருப்பிக் குடுக்கல."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? பேசாம படுங்க."

"என் வருஷத் திதி அன்னைக்கு வீட்டுல இருக்கற பறவையைக் கொண்டுபோய் அந்தப் பாறையில வெச்சுத் திறந்து விட்டுடு. அப்பதான் எனக்கு நெஞ்சு ஆறும். விடுவேன்னு சொல்லு."

"விடறேன்."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். முப்பத்தேழு வருஷத்தில் அந்த ஆள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். சொல்லாமல் இருப்பேனா? நாலு நாளில் போய்ச் சேர்ந்தார்.

வருஷம் நெருங்கும்போது பெய்ஜென் கடைக்கு வந்தாள். இவருடைய தங்கை மகள். கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. மலை மலையாக ஏறிப் பறவைகளைக் கணக்கெடுக்கிற வேலை. கல்யாணம் எப்போது என்று கேட்டால், "இந்தக் கூடு கட்டற சீசன் முடியட்டும்" என்பாள். எத்தனையோ சீசன் முடிந்துவிட்டது.

"அத்தை, மாமாவோட பறவையை உரல்மேட்டுல விடப்போறீங்களாமே?"

"ஆமா. உங்க மாமா கடைசியாக் கேட்டது. நீயும் வா. கடுகுக்கீரை போட்டுப் பன்றிக்கறி செய்யறேன், அங்கேயே படைச்சுட்டுச் சாப்பிடலாம்."

"விடக் கூடாது அத்தை."

எனக்குக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "யாருடி சொன்னா? நீயா?"

"நான்தான் சொல்றேன். சட்டமும் அதான் சொல்லுது. அதை விடுங்க, நீங்க நான் சொல்றதைக் கேளுங்க. கீழ இருக்கற மலையில எல்லாம் சீனத்துப் பறவையும் நம்மதும் கலந்துபோச்சு. பிடிச்சுப் பார்த்தா ஒண்ணுக்கு அரைப் புருவம், ஒண்ணுக்குக் கால் புருவம். நம்ம நாட்டுப் பறவை இந்தத் தீவைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. உரல்மேட்டுல இன்னும் கலப்பில்லாம கொஞ்சம் இருக்கு. நீங்க இதைக் கொண்டுபோய் விட்டா அங்கேயே ஜோடி சேர்ந்துடும்."

"அடேயப்பா! அவ்வளவு பெரிய மேட்டுல இது ஒண்ணு போய் என்னடி செஞ்சிடும்?"

"விட்டவங்க எல்லாருமே ஒண்ணு ஒண்ணுதான் விட்டாங்க அத்தை."

 பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"உனக்குப் பறவை பெரிசு. எனக்கு என் புருஷன் பெரிசு. செத்தவருக்குக் குடுத்த வாக்கை மீறிட்டு, நாளைக்கு அவர் படத்துக்கு முன்னாடி ஊதுபத்தியை எந்தக் கையால ஏத்துவேன்? அவர் நெஞ்சு ஆறாம அலைஞ்சுக்கிட்டு இருந்தா, உன் பைனாகுலரை வெச்சுத் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுப்பியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர். நூடுல்ஸில் கறியை இன்னும் இரண்டு துண்டு அதிகமாகவே போட்டு முன்னால் வைத்தேன். "அழுதுக்கிட்டே தின்னாதே, விக்கிக்கும்" என்றேன்.

அவளை வாயடைத்து அனுப்பிவிட்டேனே தவிர, அதற்கப்புறம் கூண்டுத் துணியைத் தூக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அது பாட்டுக்குத் தீட்டிய கண்ணால் என்னைப் பார்த்து, வெட்டுக்கிளி எங்கே என்று கேட்கும். அது என்ன பாவம் செய்தது? யாரோ பிடித்தார்கள், யாரோ கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள்.

திதி அன்று வீட்டில் பூஜை முடிந்ததும் கிளம்பினோம். பெய்ஜென் வண்டியை ஓட்டினாள். முன்னால் இவருடைய அண்ணன் ஆ-தியாம் மச்சான், கையில் புகைகிற ஊதுபத்தி. அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி கூடவே வருவான் என்பது கணக்கு. மச்சான் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காதோடு பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும். பறவை, பாட்டு எதிலும் அவருக்கு ருசி கிடையாது. வார்த்தை என்றால் வார்த்தை, அவ்வளவுதான்.

பின்சீட்டில் மடியில் கூண்டை வைத்துக்கொண்டு நான். பாலம் வரும்போதெல்லாம் மச்சான் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நிஜத்தைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன்.

பாறை அப்படியே இருந்தது. பெரணிதான் இடுப்பளவு வளர்ந்திருந்தது. நான் கறியை எடுத்து வைத்து, அவருக்குப் பிடித்த அரிசிச் சாராயத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் கூண்டைப் பாறை மேல் வைத்துத் துணியை உருவினார். வெளிச்சத்தைக் கண்டதும் அது உடம்பைச் சிலிர்த்து, பெரிய குரலில் ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் அது மட்டும்தான்.

அப்புறம் கீழே மூங்கிலுக்குள்ளிருந்து ஒரு குரல். முதலில் மெதுவாக, சந்தேகமாக. பிறகு ஒன்றைச் சொல்லி, அதையே மாற்றிச் சொல்லி, நடுவில் பூனைக் கத்தல். என் கையிலிருந்த கிண்ணம் தளும்பி விரலெல்லாம் சாராயம். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! ஊரில் அது எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது. நின்றபோது நான் நூடுல்ஸ் வடித்துக்கொண்டிருந்திருப்பேன். இங்கே இத்தனை நாளும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் வரவில்லை. வாயைப் பொத்தின கையின் சூடு அப்படியே என் முகத்தில் தெரிந்தது. 

பெய்ஜென் பைனாகுலரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. அது கோபத்தில் கிட்டத்திலேயே வந்து, வளைந்த மூங்கில் மேல் உட்கார்ந்து கத்தியது. தவிட்டு நிறம். புருவம் இல்லை.

"இதுவா?" என்றார் மச்சான். "இந்த அழுக்குப் பயலுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"மெதுவா, மாமா" என்று பெய்ஜென் பல்லைக் கடித்தாள்.

"சரி, நல்ல நேரம் போகுது. லியென்மோய், வந்து கதவைத் தொற. உன் கையால தொறக்கணும்னுதான் அவன் சொன்னான்."

"இருங்க மச்சான். ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுடறேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவன்தானே விடச் சொன்னான்?"

"அதான் கேக்கணும்."

பூஜை மாடத்திலிருந்து பிறைக்கட்டைகளைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது. இரண்டு கட்டை, பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேட்கவேண்டியதைச் சொல்லிக் கீழே போட்டால், ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் மேடு என்றால் மாட்டேன். இரண்டும் தட்டை என்றால் சிரிக்கிறார், நீ கேட்டவிதம் சரியில்லை.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். "ஏங்க, நான்தான். இந்தப் பறவையை விடாம வீட்டுக்கே கொண்டுபோறேன். நல்லாப் பாத்துக்கறேன். சரிதானே?"

இரண்டும் மேடு.

"பாத்தியா?" என்றார் மச்சான்.

"உங்க தம்பி எதுக்குத்தான் முதல் தடவையே சரின்னு சொல்லியிருக்கார்? பொண்ணு பாக்க வந்தப்பவே ரெண்டு தடவை யோசிச்சவர்." மறுபடி போட்டேன். மறுபடி மேடு.

மச்சானுக்கே கொஞ்சம் இளக்கம் வந்துவிட்டது. "சாராயம் பத்தலையோ என்னமோ. ஊத்திட்டுக் கேளு. சும்மா சொல்லல, இந்தப் பயல் வெறும் வாயோட எதுக்கும் தலையாட்டமாட்டான்."

ஊற்றினேன். சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துப் பாறையிடுக்கில் செருகினேன். நுரையீரல் போய்ச் செத்தவருக்குச் சிகரெட். பெய்ஜென் ஒரு பார்வை பார்த்தாள். போட்டேன். இரண்டும் தட்டை. சிரிக்கிறார்!

"சிரிக்கிறீங்களா? சிரிங்க. உங்களுக்கென்ன, செத்துப்போய் ஒரு வருஷமா ஜாலியா இருக்கீங்க" என்று எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். மச்சான் இருக்கிறார், மருமகள் இருக்கிறாள் என்கிற நினைப்பே போய்விட்டது. "விஷயம் தெரியாமத்தானே விடச் சொன்னீங்க? கேட்டுக்கோங்க. கடனை அடைக்கிறேன்னு நீங்க குடுக்கறது வேற ஊர்ப் பறவை. உங்க கூண்டுல இருந்தப்போ நான் என்னைக்காவது அதைக் குத்தம் சொன்னேனா? ஆனா இங்க விட்டா, அதோ கத்துதே, அந்த ஜாதியே இல்லாமப் போயிடுமாம். உங்க தங்கச்சி மக பொய் சொல்றவ இல்ல. அந்தக் குரலைக் கேளுங்க! அன்னைக்கு நாம ரெண்டு பேரும் இந்தப் பெரணிக்குப் பின்னாடி உக்காந்து கேட்டமே, அதேதான். ஞாபகம் இருக்கா இல்லையா? இருந்தா சரின்னு சொல்லுங்க."

கட்டைகளைப் போட்டேன். ஒன்று உடனே மேடாக விழுந்தது. இன்னொன்று பாறையில் உருண்டு, குழியின் விளிம்பில் ஆடி, ஆடி, நின்றது.

மேடு.

 மூங்கிலிலிருந்து அது கத்திக்கொண்டே இருந்தது. மச்சான் பெருமூச்சு விட்டார். "போதும் லியென்மோய். கேட்டாச்சு. அவன் மனசு அதான். எனக்கும் அந்தப் பொண்ணு சொல்றது புரியாம இல்ல. ஆனா செத்தவன்கிட்ட போய்ச் சண்டை போட முடியுமா?" என்று சொல்லிக் கூண்டுக் கதவில் கை வைத்தார். 

நான் எழுந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டேன். புருஷனுடைய அண்ணனை நான் தொட்டதே அதுதான் முதல் தடவை. கூண்டை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே அது சிறகடித்தது.

"சரிங்க" என்று பாறையைப் பார்த்துச் சொன்னேன். குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. "இனிமே நான் கேக்கல. சொல்றேன். உங்க மூஞ்சியைப் பாத்து வாக்குக் குடுத்தது நிஜம். அதை மீறுறது நான். மச்சான் இல்ல, இந்தப் பொண்ணு இல்ல, நான். பாவம் என் தலையில. நான் அங்க வரும்போது வாசல்லயே நின்னு திட்டுங்க, ஏன்னு கேக்கமாட்டேன். ஆனா இந்த மேட்டுல இருந்து நீங்க எடுத்த வரைக்கும் போதும். மிச்சம் இருக்கறதையும் என் கையால எடுத்து உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

கட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். நீலத் துணியைக் கூண்டின் மேல் போர்த்தினேன்.

அந்தப் பறவையும் இப்போது இல்லை. சில வருஷம் என் கடை வாசலில் பாடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டது. விடிகாலையில் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டி ஆட்டி நடப்பேன். கற்பூர மரத்தடியில் மிச்சமிருந்த இரண்டு மூன்று கிழவர்கள், "வந்துட்டாடா நம்ம சங்கத்துக்கு ராணி" என்று கிண்டல் பண்ணுவார்கள். அந்தக் கிழவர்களிலும் இப்போது யாரும் இல்லை. உரல்மேட்டில் நாட்டுப் பறவை பாடுகிறதா என்று கேட்டால், "பாடுது அத்தை" என்பாள் பெய்ஜென். போன வசந்தத்தில் கூடு ஒன்று பார்த்தாளாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. அன்றைக்குத் திரும்பி வந்த வழியைச் சொல்ல வந்தேன்.

கூட்டிக்கொண்டு வந்த ஆளைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே. புது ஊதுபத்தி ஏற்றி மச்சானிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மடியில் கூண்டும், ஒரு கையில் ஊதுபத்தியுமாக நானே பின்னால் உட்கார்ந்தேன்.

செத்தவர்களுக்குத் தண்ணீரைத் தாண்ட வழி தெரியாது. பாலம் வந்தால், கூட்டிப்போகிறவர்கள் குரல் கொடுக்கவேண்டும்: பாலம் வருது, பயப்படாம கூட வா என்று. கொடுக்காவிட்டால் அந்தக் கரையிலேயே நின்றுவிடுவார்கள். மேலே வரும்போது மச்சான்தான் வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அது ரத்த சொந்தம் செய்யவேண்டிய வேலை.

முதல் பாலம் வந்தது. மச்சான் வாயைத் திறக்கவில்லை. பெய்ஜென் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றேன். "பாலம் வருது. கூட வாங்க."

வந்தாரா, தெரியாது. நான் அவர் பேச்சை மீறினவள். அவருக்கு நெஞ்சு ஆறவில்லை என்றால், யார் பின்னால் வருவார்? எனக்கென்ன, நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்த மனுஷர் ஓடைக் கரையில் தனியாக நின்றுகொண்டு, வண்டி போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தால்? செத்த அன்றைக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

வளைவுக்கு அப்புறம் பெரிய பாலம். கூப்பிட வாயைத் திறந்தேன். குரலே வரவில்லை. ஊதுபத்திச் சாம்பல் துணி மேல் உதிர்ந்தது. "ஏங்க" என்கிற அந்த ஒரு சொல்கூட வெளியே வராமல், முப்பத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுகை வந்துவிட்டது. பெய்ஜென் பாலத்துக்கு முன்னாலேயே பிரேக் போட்டு நிறுத்திவிட்டாள். எனக்காகக் காத்திருந்தாள்.

மச்சான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தலையை வெளியே நீட்டி, கடைசி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில், மலையே எதிரொலிக்கக் கத்தினார்:

"டேய் ஆ-கிம்! பாலம்டா! என்னடா அங்கேயே நிக்கறே? உன் பொண்டாட்டிகிட்ட நானே தோத்துட்டேன், நீ எம்மாத்திரம்? கோவத்தை வீட்டுல வந்து வெச்சுக்க. ஏறி உக்காருடா!"

பின்னால் கையை நீட்டி என்னிடமிருந்த ஊதுபத்தியை வாங்கிக்கொண்டார். வண்டி பாலத்தில் ஏறியது.